குழாய் வாஷரும் அடிபம்பும்: ரிப்பேர் தெரிந்தவர்களின் வரலாறு

போன மாதம் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பருக்கு போன் செய்தோம். "நாளைக்கு வந்துடறேன்" என்றார். நாளை வந்தது, அவர் வரவில்லை. மறுநாளும் அதே பதில்தான். குழாய்க்குக் கீழே ஒரு குண்டானை வைத்து, அது நிறைய நிறைய எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் காலையில் ஆயா கேட்டார்கள்: "ஏன்டா, காலேஜு வரைக்கும் படிக்கிற, இதக் கழட்டி மாட்டத் தெரியாதா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, பக்கத்து வீட்டில் ஸ்பேனர் இரவல் வாங்கி, குழாயின் தலையைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன ரப்பர் வாஷர் நசுங்கிப் போயிருந்தது. கடைக்குப் போய் அதே அளவில் ஒன்று வாங்கி வந்து போட்டேன். மொத்தம் இருபது நிமிடம், பத்து ரூபாய். இதற்காகவா ஐந்து நாள் காத்திருந்தோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அப்போது ஆயா சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "இது அஞ்சு நாளு. அப்பல்லாம் தெரு பம்பு கெட்டுப்போச்சுன்னா மாசக்கணக்குல அப்படியே கெடக்கும். இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு கொடத்தத் தூக்கிக்கிட்டு கெணத்துக்கு நடப்போம். அந்த பம்புல போனதும் ஒரு வாஷருதான்னு பின்னாடி சொன்னாங்க."

ஒரு வாஷருக்காக ஒரு தெருவே மாதக்கணக்கில் நடந்ததா? எனக்கு நம்ப முடியவில்லை. அடிபம்பைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது எங்கள் கம்பைநல்லூர்க் கதை மட்டுமல்ல, இந்தியா முழுவதும் நடந்த கதை என்று தெரிந்தது.

கார், பைக், குழாய், ஃபியூஸ் இவற்றில் சின்னச் சின்ன ரிப்பேர் தெரிந்திருப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். காசு மிச்சமாகும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் கெட்டுப்போனால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு நாள் நாம் காத்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களின் வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது ஒரு மோட்டார் சைக்கிளில் ஆரம்பித்து அடிபம்புக்கு வந்து சேர்கிறது.

மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டவர்

கோவை ஜி.டி. நாயுடுவைப் பற்றி நாம் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்போம். 1893-ல் கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பெரிதாக ஒன்றும் கிடையாது. இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிப் போனார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதே என்ற ஆச்சரியம். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து, ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியதும் ஊரைச் சுற்றி வந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. அவர் அதை முழுவதுமாகப் பிரித்துப் போட்டு, எந்தப் பாகம் எதற்கு என்று பார்த்து, திரும்ப மாட்டினார். அவருடைய பொறியியல் படிப்பு அதுதான்.

1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்தக் காலத்தில் பஸ் வழியில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? செல்போன் கிடையாது, ஊருக்கு ஊர் பட்டறை கிடையாது, உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும். ஓட்டுகிறவருக்கே ரிப்பேர் தெரியாவிட்டால் பயணிகள் நடுரோட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமானது. பஸ்களைப் பராமரிக்கத் தனிப் பட்டறையும், ஆட்களைப் பழக்கும் முறையும் அதோடு சேர்ந்து வளர்ந்தன.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டாரைத் தயாரித்தார்கள். இது விவசாயிகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பைக்காரா மின்சாரம் 1930-களில் கொங்கு நாட்டுக்கு வந்துவிட்டது. கிணற்றில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மோட்டார் வைக்க ஆரம்பித்தார்கள். சீமையிலிருந்து வந்த மோட்டாராக இருந்தால் கெட்டுப்போனால் சீமையைத்தான் பார்க்க வேண்டும். கோவையில் செய்த மோட்டாருக்குக் கோவையிலேயே உதிரிபாகம் கிடைத்தது. மெல்ல மெல்ல மற்ற ஊர்களிலும் காயில் கட்டத் தெரிந்தவர்கள் உருவானார்கள். இன்றைக்கு நம் பக்கத்துச் சின்ன டவுனில்கூட "இங்கு மோட்டார் காயில் கட்டித் தரப்படும்" என்ற போர்டைப் பார்க்கலாம். எரிந்துபோன மோட்டார் சில நாட்களில் திரும்பக் கிணற்றில் இறங்கிவிடும். பயிர் காய்வதற்குள் மோட்டார் சரியாகிவிடுகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியபோது நாயுடுதான் அதன் முதல்வர். நான்கு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடமே போதும் என்று அவர் வாதாடினார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் பிற்பாடு அரசு தொழில்நுட்பக் கல்லூரியானது. நான்கு வருடம் படிக்கிற நான் அவர் சொன்னதை முழுவதும் ஏற்க மாட்டேன்! எல்லாவற்றையும் இரண்டு வருடத்தில் கற்றுவிட முடியாது. ஆனாலும் நான்கு வருடம் படித்தும் ஸ்பேனரைக் கையில் எடுக்காமலேயே ஒருவர் வெளியே வர முடியும் என்பதை நினைத்தால், அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது.

பாறைக்குள் இருந்த தண்ணீர்

மோட்டார் எல்லாம் சொந்தக் கிணறு உள்ளவர்களுக்கு. சொந்தக் கிணறு இல்லாதவர்கள் குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்? இங்கேதான் அடிபம்பு வருகிறது.

எங்கள் தர்மபுரி மாவட்டம் (1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது) பாறை நிலம். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கெட்டியான பாறை. தென்பெண்ணை பக்கத்தில் ஓடினாலும் வருடம் முழுவதும் அதில் தண்ணீர் இருக்காது. கோடை வந்தால் கிணறும் வற்றிவிடும். பாறையின் வெடிப்புகளுக்குள் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் கடப்பாரையால் அவ்வளவு ஆழம் போக முடியாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியும், தக்காணம் முழுவதும் இதே நிலைதான்.

1966-67-ல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கடும் வறட்சி. அப்போது யுனிசெஃப் நிறுவனம் காற்றழுத்தத்தால் பாறையைத் துளைக்கும் ரிக் எந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பல நாள் வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பிறகு நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. தமிழ்நாட்டில் 1971-ல் குடிநீர் வடிகால் வாரியம் உருவானது. ஒவ்வொரு போர் மேலும் ஒரு அடிபம்பு நட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் தீரவில்லை. 1970-களின் மத்தியில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பம்புகளில் நான்கில் மூன்று பங்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. துளை இருக்கிறது, அடியில் தண்ணீர் இருக்கிறது, மேலே பம்பு நிற்கிறது, ஆனால் குடத்தில் விழ ஒரு சொட்டுகூட இல்லை!

ஏன் இப்படி? அந்த வார்ப்பிரும்பு பம்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீடுகளில் வைத்திருந்த பம்புகளின் நகல்கள். ஒரு குடும்பம் ஒரு நாளைக்குச் சில தடவை அடிப்பதற்காகச் செய்தவை. நம் ஊரிலோ ஒரு பம்பை 250 பேர், 300 பேர் நம்பியிருந்தார்கள். விடியற்காலையில் ஆரம்பித்தால் இரவு வரைக்கும் கை மாறி மாறி அடித்துக்கொண்டே இருப்பார்கள். கைப்பிடி ஆடும், ஆணி தேயும், வார்ப்பிரும்பு விரிசல் விடும். உடைந்தால் சரிசெய்ய ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் எங்கோ ஒரு அலுவலகத்தில் இருந்தார். அவருக்குச் செய்தி போய், அவர் வண்டி பிடித்து வருவதற்குள் கோடையே முடிந்துவிடும். ஆயா சொன்ன மாதக்கணக்கு இதுதான்.

பம்பை நடுவதற்குத் திட்டம் இருந்தது, நிதி இருந்தது. நட்ட பம்பை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ரிப்பேர் செய்தவர்கள் கண்டுபிடித்த பம்பு

நல்ல பம்பு ஒன்று வேண்டும் என்று தேடியபோது விடை பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகள் வறட்சி கிராமங்களுக்குக் கிணறு போட்டுக்கொடுத்து வந்தன. உடைந்த பம்புகளையே திரும்பத் திரும்பச் சரிசெய்து அலுத்துப்போன அங்கிருந்த மெக்கானிக்குகள், எது முதலில் உடைகிறது என்று பார்த்து அதை மாற்றினார்கள். வார்ப்பிரும்புக்குப் பதிலாக வெல்டிங் செய்த எஃகு. பல மூட்டுகளுக்குப் பதிலாக ஒரே ஒரு அச்சு. கைப்பிடியையும் உள்ளே இறங்கும் கம்பியையும் இணைக்க ஒரு செயின். இப்படி உருவானதுதான் சோலாப்பூர் பம்பு.

அதை அடிப்படையாக வைத்து இந்திய அரசும் யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. மாதிரி பம்புகளைக் கோவை வட்டாரத்தில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் இடங்களில் பொருத்திச் சோதித்தார்கள். 1977 வாக்கில் சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் தயாரிப்பு தொடங்கியது. 1979-ல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. யாரும் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. நல்ல பட்டறை வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும், தரத்தை மீறாமல் செய்யலாம். அதனால் ஒரு கம்பெனி பம்புக்கு இன்னொரு கம்பெனி பாகம் பொருந்தியது. 1990-களின் நடுப்பகுதிக்குள் உலகம் முழுவதும் ஐம்பது லட்சம் பம்புகள்வரை பொருத்தப்பட்டன. ஆப்பிரிக்க நாடுகளில்கூட இந்தியா மார்க் 2 என்றால் தெரியும்.

நம் தெருமுனைகளில் நான்குமுனைக் கட்டையான கைப்பிடியோடு நிற்கிறதே, அதே பம்புதான். அந்தக் கைப்பிடி ஏன் அவ்வளவு கனம் என்று சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். உள்ளே தொங்குகிற கம்பிகளின் எடையை அந்தக் கனம்தான் ஈடுகட்டுகிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கம்பி முழுவதையும் நம் கையாலேயே தூக்க வேண்டியிருக்கும்.

ஸ்பேனரும் போஸ்ட் கார்டும்

பம்பு பலமானது. ஆனால் எந்தப் பம்பும் ஒருநாள் கெடத்தானே செய்யும்? யார் சரிசெய்வது என்ற கேள்விக்கு தமிழ்நாடு ஒரு வழி கண்டுபிடித்தது. 1970-களின் பிற்பகுதியில் வந்த இந்த முறைக்கு மூன்றடுக்குப் பராமரிப்பு என்று பெயர்.

முதல் அடுக்கு, கிராமத்திலேயே ஒரு பம்புக் காப்பாளர். ஊர்க்காரர்தான், சம்பளம் கிடையாது. இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஸ்பேனர் கொடுப்பார்கள். நட்டு போல்ட்டை முறுக்குவது, செயினுக்கு கிரீஸ் போடுவது, மேடையைச் சுத்தமாக வைத்திருப்பது இவர் வேலை. தன்னால் முடியாத பழுது என்றால் முகவரி அச்சிட்ட போஸ்ட் கார்டைத் தபாலில் போட வேண்டும். இரண்டாவது அடுக்கு, சுமார் நூறு பம்புகளுக்கு ஒரு ஒன்றிய மெக்கானிக். தரைக்கு மேலே உள்ள பழுதை இவர் பார்ப்பார். மூன்றாவது, சுமார் ஐநூறு பம்புகளுக்கு ஒரு நடமாடும் குழு. வேன், கருவிகள், நாலைந்து ஆட்கள். தரைக்குக் கீழே உள்ள பழுது இவர்களுடையது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். அதைப் புரிந்துகொள்ள பம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடிபம்பின் உயிர் மேலே இல்லை, கீழே இருக்கிறது. ஆழத்தில் தண்ணீருக்குள் ஒரு சிலிண்டர். அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றித் தோல் வாஷர். நாளடைவில் அது தேய்ந்துவிடும். தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. மார்க் 2 பம்பில் அந்த வாஷரை எடுக்க வேண்டுமென்றால் சிலிண்டரோடு மொத்தக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் 3 மீட்டர் இரும்புக் குழாய்கள் பத்து. தண்ணீரும் கம்பியும் உள்ளே இருக்க, ஒவ்வொன்றாகத் தூக்கி, பிடித்து, கழற்றி... ஊர்க்காரர் ஒருவர் ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்கிற வேலையா இது? வேன் வந்துதான் ஆக வேண்டும்.

ஆக, மிகச் சாதாரணமான பழுதுக்கு மிகத் தூரத்தில் இருப்பவர் வர வேண்டும். காப்பாளர் போஸ்ட் கார்டு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பம்பு பலமாகிவிட்டது, ஆனால் ஊருக்கும் ரிப்பேருக்கும் இடையே இருந்த தூரம் பாதிதான் குறைந்தது.

பம்பையே மாற்றிய சோதனை

இதற்கு விடை தேடித்தான் 1983-லிருந்து 1988 வரை கோவை மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் உலகம் முழுக்க நடத்திய அடிபம்பு ஆய்வின் ஒரு பகுதி இது. கிராமத்தார் தாங்களே பராமரிக்கக்கூடிய பம்பு வேண்டும் என்பது நோக்கம்.

அவர்கள் செய்த மாற்றம் கேட்க எளிமையானது. மேலே வரும் குழாயைப் பெரிதாக்கினார்கள். 32 மில்லிமீட்டராக இருந்தது 65 மில்லிமீட்டரானது. இப்போது பிஸ்டன் குழாய் வழியாகவே மேலே வந்துவிடும். குழாயைத் தொட வேண்டியதே இல்லை. கம்பிகளை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்தால் போதும். அடியில் இருக்கும் ஃபுட் வால்வும் அதோடு சேர்ந்து வந்துவிடும். தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்ததில் அது இன்னும் அதிக நாள் உழைத்தது.

இதுதான் 'இந்தியா மார்க் 3'. சில கருவிகளோடு உள்ளூர் மெக்கானிக் ஒருவர், ஊர்க்காரர்கள் கை கொடுத்தால் வாஷரை மாற்றிவிடலாம், வேன் தேவையில்லை.

ஆனாலும் மார்க் 3 எல்லா இடத்துக்கும் வரவில்லை. பெரிய குழாய்க்கு இரும்பு அதிகம், விலை அதிகம், எடையும் அதிகம். பல இடங்களில் மார்க் 2-வே தொடர்ந்தது. வாங்கும்போது உள்ள விலையைப் பார்க்கிற நாம் அது கெட்டால் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாங்குகிறவர் ஒருவர், நடக்கிறவர் இன்னொருவர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்பேனர் பிடித்த பெண்கள்

நடந்தவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். ஆயாவும் அவர் வயதுப் பெண்களும்தான். ஆனால் மெக்கானிக்காகப் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பம்பு ஓடாவிட்டால் யாருக்கு வலிக்குமோ அவர்கள் கையில் ஸ்பேனர் இல்லை.

இதை மாற்றிக் காட்டிய இடங்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், மகிளா சமாக்கியா திட்டத்தின் கீழ் கிராமத்துப் பெண்களுக்கு அடிபம்பு ரிப்பேர் கற்றுக்கொடுத்தார்கள். பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கனமான குழாயைப் பெண்கள் தூக்குவார்களா என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். தூக்கினார்கள், சரிசெய்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். மெக்கானிக் ஆன பிறகு, எழுதப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். கல்வி முகாம்கள் நடந்தன. பெண்களே எழுதிய 'மகிளா டாக்கியா' என்ற இதழ் வந்தது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக அதே வட்டாரத்தில் 2002-ல் 'கபர் லஹரியா' என்ற கிராமத்துப் பெண்களின் பத்திரிகை பிறந்தது. இன்றைக்கு இணையத்தில் நடக்கிறது. படித்தால் வேலை தெரியும் என்றுதான் நாம் சொல்வோம். இங்கே வேலை தெரிந்த பிறகு படிப்பு வந்திருக்கிறது.

ரிப்பேரால் ஆகாதது

ரிப்பேர் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் தர்மபுரிக்காரன் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. தொடர்ந்து குடித்தால் பிள்ளைகளின் பல் பழுப்பாகும், பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். பம்பு நன்றாகத்தான் ஓடும், தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பழுதை எந்த ஸ்பேனராலும் சரிசெய்ய முடியாது. அதற்குப் பெரிய திட்டம்தான் வேண்டியிருந்தது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆகவே நம்மால் முடிந்ததையும் முடியாததையும் பிரித்துப் பார்ப்பதும் ரிப்பேர் அறிவில் ஒரு பகுதிதான். அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையில் கட்டுவதற்கு இதை ஒரு சாக்காக்கிவிடக் கூடாது. ஐநூறு பம்புக்கு ஒரு வேன் என்பது அரசின் பொறுப்பு, கிரீஸ் போடுவது ஊரின் பொறுப்பு. இரண்டும் வேண்டும்.

இன்றைக்கு நம் வீட்டில்

இப்போது தெருவுக்குத் தெரு தொட்டியும் குழாயும் வந்துவிட்டன. அடிபம்பு பல இடங்களில் கைப்பிடி இல்லாமல் நிற்கிறது. ஆனால் பம்பு சொன்ன பாடம் பழையதாகவில்லை.

அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1958-லிருந்து 2014 வரை தயாரித்தார்கள். மைலேஜும் குறைவு, வேகமும் குறைவு. ஆனாலும் அத்தனை வருடம் ஓடியதற்கு ஒரு காரணம், எந்த ஊர் மரத்தடி மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்வார் என்பது. இன்றைய கார்கள் அதைவிட நூறு மடங்கு நல்லவை. ஆனால் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. செல்போனுக்கு பேட்டரியைக்கூட நாமாக மாற்ற முடிவதில்லை. அதனால்தான் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற பேச்சு உலகம் முழுவதும் எழுந்திருக்கிறது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கு ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. குழாயைப் பெரிதாக்கி பிஸ்டனை வெளியே வர வைத்தார்களே, அதே கேள்விதான் இதுவும். பொருளைச் செய்யும்போதே அதைத் திறக்க வழி வைத்துச் செய்கிறோமா?

கம்பெனிக்காரர்கள் வழி வைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வழி இருக்கிற இடத்தில் நாம் திறந்து பார்க்கிறோமா? ஒரு வீட்டில் யாராவது இருவருக்காவது இவை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்:

குழாய் வாஷர் மாற்றுவது. முதலில் வால்வை மூட வேண்டும். அவசரத்தில் இதை மறந்தால் சமையலறை முழுவதும் குளம்தான்.

ஃபியூஸ் போடுவது. மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த கையோடு. ஃபியூஸ் கம்பி உருகுவதற்காகவே வைத்தது. அடிக்கடி போகிறதே என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றுவது மிக ஆபத்து. கம்பி உருகாமல் வீட்டு வயரிங் உருகும். திரும்பத் திரும்ப ஃபியூஸ் போனால் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். கேஸ் கசிவிலும் நம் கைவரிசை கூடாது.

காரில் ஸ்டெப்னி மாற்றுவது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஏற்றிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முறுக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மோரப்பூர் ரோட்டில் இரவு பத்து மணிக்கு டயர் பஞ்சரானால், காருக்குள் ஐந்து பேர் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதா, இருபது நிமிடத்தில் மாற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதா என்பது இந்தச் சின்ன விஷயத்தில்தான் இருக்கிறது. இதை வீட்டுப் பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள். "அது ஆம்பளை வேலை" என்றால் பாந்தா பெண்களைச் சொல்லுங்கள்.

முடிவாக...

நான் போட்ட வாஷர் இன்னும் சொட்டாமல் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆயாவை எங்கள் தெருமுனை அடிபம்பிடம் கூட்டிக்கொண்டு போனேன். கைப்பிடி இல்லை, செயின் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் உள்ளே வாஷர் எங்கே இருக்கிறது, அதை எடுக்க எத்தனை குழாயைக் கழற்ற வேண்டும் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத யாராச்சும் அப்பவே எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா நாங்களே நாலு பேரு சேந்து இழுத்திருப்போமே" என்றார்கள்.

அப்போது சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இப்போது சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்டர் வாங்கி வைப்போம் நண்பர்களே. அடுத்த முறை ஏதாவது கெட்டுப்போனால், போனை எடுப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்போம்.